அமாவாசைக் கச்சேரி

மாதத்தின் மூன்றாவது வாரத்தில் என் மேசைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழக அரங்கில் என்னென்ன நடக்கப்போகிறது என்பதை ஒரே தாளில் அடக்குவது என் வேலை. ஒரு சொற்பொழிவு, ஒரு சினிமா, ஒரு கச்சேரி. பேச வருகிறவர் கடைசி நாள்வரை தலைப்பைச் சொல்லமாட்டார். படம் போடுகிறவர் மூன்று தடவை படத்தை மாற்றுவார். பாட வருகிறவருக்குச் சளி பிடிக்கும். எல்லாரையும் இழுத்துப் பிடித்துத் தாளை முடித்து, கீழே கடைசி வரியாக "அனுமதி இலவசம், பொதுமக்களும் வரலாம்" என்று அடிப்பேன்.

அந்த வரிமேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. கல்யாணமாகி ஐயம்பேட்டைக்கு வந்த புதிதில் பஸ் ஸ்டாப் சுவரில் அதைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறித் தனியாகப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். நீ யார், எங்கே வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. புது வீட்டில் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மாதாமாதம் போய்ப் போய், அங்கே ஆள் தேவை என்று தெரிந்து, வேலைக்கும் சேர்ந்தேன்.

ஆனால் எனக்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி மாணவர்களைக் கொண்டுவந்து உட்கார வைப்போம், அவர்களும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் விடவில்லை. நோட்டீசை நானே எடுத்துக்கொண்டு போய் டீக்கடை, பூக்கடை, பட்டு நூல் கடை என்று ஒட்டினேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். "வரோம்மா" என்பார்கள். வரமாட்டார்கள். ரசனை கெட்ட ஊர் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். அரங்கத்தை மாலை நேரத்தில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கேட்கிறார்கள் என்றார்.

"அடுத்த மாசம் மூணு நிகழ்ச்சி இருக்கு. வெளியிலேர்ந்து ஆள் வந்தா நான் பேசிப் பார்க்கறேன். வரலைன்னா பொதுமக்கள்ங்கற வரியை எடுத்துடும்மா. மாலை நிகழ்ச்சியும் கிடையாது."

சரி மேடம் என்று வந்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை.

முதல் நிகழ்ச்சி சனிக்கிழமை. கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்துச் செப்பேட்டைப் பற்றிய சொற்பொழிவு. கூரம் நான் பிறந்த ஊர். அங்கே போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். நடவு நேரம், ஒருத்தரும் வரவில்லை. வெளியாள் என்று உள்ளே வந்தவர் ஒரே ஒருவர், அவரும் பரீட்சைக் கட்டணம் எங்கே கட்டுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. ஞாயிறு என்றால் எல்லாருக்கும் லீவு, இந்தத் தடவை வந்தே தீருவார்கள் என்று நம்பிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். படம் முடிகிறவரை நின்றேன். கால்தான் வலித்தது.

வீட்டுக்கு வந்தால் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம், அவருடைய அக்கா அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் நெய்வது, உடம்பையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்க்கிற கோர்வைப் புடவை. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து இருப்பவர். தறிக்கட்டையில் போனைச் சாய்த்துவைத்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே நாடா எறிவார்.

நான் பையைத் தூக்கிப் போட்டேன்.

"இந்த ஊருக்கு ஒரு நல்லது கெட்டது தெரியுதா? ஞாயித்துக்கிழமை கூட வீட்டை விட்டு வரமாட்டேங்கறாங்க."

"ஞாயித்துக்கிழமை உனக்குத்தான்மா லீவு," என்றார் வீட்டுக்காரர் நாடாவை எறிந்துகொண்டே. "தறிக்கு ஏது ஞாயித்துக்கிழமை? பாத்துக்கினுதான இருக்கற."

"அப்ப என்னைக்குத்தான் சும்மா இருப்பீங்க?"

"அமாவாசைக்கு."

இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அமாவாசைக்குத் தறி ஏறமாட்டார்கள். அன்றைக்கு வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, வடை வேண்டும், பாயசம் வேண்டும், படையல் முடிந்து காக்காய்க்கு வைக்கிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. அதற்காகவே மாதாமாதம் லீவு போட்டுவிட்டு அடுப்படியில் புலம்புகிறவள் நான். எனக்கு ஒழியாத அன்று இந்த நெசவு ஊர் மொத்தமும் ஒழிந்து கிடக்கிறது என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

"ரெண்டு வருஷமா நோட்டீசைத் தூக்கிக்கினு தெருத்தெருவா அலையறேன். இதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ வா வான்னு கூப்ட்ட. எப்ப வர முடியும்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நூலைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் என்மேல்தான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பேராசிரியை முன்னால் போய் நின்றேன். மூன்றாவது நிகழ்ச்சி சனிக்கிழமை வயலின் கச்சேரி. அதை மூன்று நாள் தள்ளி, செவ்வாய்க்கிழமை அமாவாசைக்கு வைக்கலாம் என்றேன்.

"என்னம்மா இது, அமாவாசையில யாராவது கச்சேரி வைப்பாங்களா? அதுவும் செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு காலேஜ் பஸ் கிளம்பிடும். ஸ்டூடண்ட்ஸ் ஒருத்தர் இருக்கமாட்டாங்க. உங்க ஊர்க்காரங்களும் வரலைன்னா அந்த மனுஷன் நாற்காலிக்கா வாசிப்பார்?"

"வரலைன்னா அந்த வரியை நானே எடுத்துடறேன் மேடம். அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நான் பேசாமல் இருப்பேன் என்றதைக் கேட்டு அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும். சரி என்றார். வயலின்காரருக்கு நானே போன் செய்தேன். "அமாவாசைக்கு என்னை யாரும்மா கூப்பிடறாங்க? தாராளமா வர்றேன்," என்றார்.

பழைய நோட்டீசைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். தேதியைச் சின்னதாகப் போட்டு, அமாவாசை மாலை என்பதைப் பெரிதாகப் போட்டேன். "அமாவாசையா? அப்ப சும்மாதான இருப்போம்," என்றார்கள். அப்போதும் நம்பவில்லை. இந்த ஊர் என்னிடம் சரி சொல்வதில் கெட்டிக்கார ஊர்.

அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து சமையலை முடித்துப் படையல் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடினேன். ஐந்தரைக்குக் கச்சேரி. ஐந்தரைக்கு அரங்கத்தில் முதல் வரிசையில் பேராசிரியை மட்டும் உட்கார்ந்திருந்தார். மேடையில் வயலின்காரர் சுருதி சேர்த்தார். மறுபடியும் சேர்த்தார். பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. படையல் சோறு சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார் என்று நினைத்தேன், பாவி மனுஷன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் பைக்குகள். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு சாவகாசமாக வந்து இறங்கினார்கள். பெண்கள் தலையில் பூ. ஒரு அம்மாள் தூக்கில் வடைகூடக் கொண்டுவந்திருந்தார். என் தெரு, அடுத்த தெரு, தறிக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்திலிருந்தும் ஆட்கள். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "போனைக் கோயில்ல சைலன்ட்ல போட்டேன்மா," என்றார்.

வந்தவர்கள் உட்காரவில்லை. அவ்வளவு நாற்காலி காலியாக இருந்தும் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். உட்காருங்கள் என்று நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள். அக்கா மட்டும் நடந்தார். நேராக முதல் வரிசைக்குப் போய்ப் பேராசிரியைக்குப் பக்கத்து நாற்காலி முன்னால் நின்றார்.

"இங்க உக்காரலாமாமா? போன்ல பாட்டு கேக்குது, வெரல் தெரியறதில்ல. எனக்கு வெரலைப் பாக்கணும்."

பேராசிரியை அந்த நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்.

கச்சேரி எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பாதி நேரம் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் கையிலும் போன் இல்லை. வில் வேகமாக ஓடும்போது அத்தனை நெசவாளர் கண்ணும் அந்த விரல்களோடு போய் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழரைக்கு வாசித்து முடித்தார். யாரும் எழவில்லை. இன்னொன்று வாசித்தார். அப்புறம்தான் எழுந்தார்கள். அக்கா பேராசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த அமாவாசைக்கு என்னாமா?" என்றார்.

பேராசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதத்துத் தாள் உண்டா இல்லையா என்பதே அவர் கையில்தான் இருந்தது.

"இன்னும் முடிவு பண்ணலைம்மா," என்றார் அவர் மெதுவாக. "உங்களுக்கு என்ன வேணும்? படமா, கச்சேரியா, யாராவது வந்து பேசணுமா?"

அக்கா பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எது வெச்சாலும் சரிமா. நாங்க வர்றோம்னு மட்டும் எழுதிக்கோ."

பேராசிரியை என் கையிலிருந்த நோட்டீசையும் பேனாவையும் வாங்கி, அங்கேயே நின்றபடி அதன் பின்பக்கத்தில், அடுத்த அமாவாசை, ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்று எழுதிக்கொண்டார்.