சத்தம் நின்ற பிரேக்

உமாமகேஸ்வரி சிங்கப்பூரில் பதினேழு ஆண்டுகளாக டாக்சி ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். பகலில் வண்டி அவளுடையது, மாலை ஐந்துக்கு மேல் மாற்று ஓட்டுநர் சேவியருடையது. தேக்காவில் ஆளுக்கொரு தே தாரிக் டீ குடித்துவிட்டுச் சாவியைக் கைமாற்றுவார்கள். சர்வீஸுக்கும் முறை வைத்துத்தான் கொண்டுபோவார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் பிரேக் கிரீச்சிடத் தொடங்கியது. இந்தச் சேவியர் முரட்டுத்தனமாக மிதிக்கிறான் என்று நினைத்தாள். சொன்னால் முகம் வாடிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ஒருநாள் கிரீச் நின்றுபோனது. அட, சொல்லாமலே பிரேக் பேடை மாற்றிவிட்டானே என்று மனம் குளிர்ந்தாள்.

நேற்றுக் காலை செங்காங்கில், எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் தாரணியை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு மாடிக் கார்நிறுத்தத்தின் சரிவில் இறங்கினாள். கீழே ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் குறுக்கே வந்தாள். உமா மிதித்தாள். கால் அடிவரை போனது, கரகரவென்று இரும்பு அறுபட்டது, வண்டி நிற்கவில்லை. பதறிப்போய்க் கைப்பிரேக்கை இழுத்தாள். தள்ளுவண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தாரணி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மகளை வேறு டாக்சியில் அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து பிடோக் பக்கத்துப் பட்டறையில் சேர்த்தாள். மெக்கானிக் இர்ஃபான் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைக் காட்டினான். தேய வேண்டிய பகுதி துளியும் இல்லை, வெறும் முதுகுத் தகடுதான் மிச்சம்.

"கிரீச்சுன்னு கத்தியிருக்குமே ஆன்ட்டி? பேட் முடியப்போவுதுன்னு சொல்லத்தான் அதுல சின்னத் தகடு ஒண்ணு இருக்கு. கத்திக் கத்தி அதுவும் ஒடஞ்சிருச்சுலா, அப்பறம் சத்தமே வராது. டாக்சிக்கு நாள் பூரா பிரேக்குதான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் கழட்டிப் பாக்கணும்."

சேவியரைப் போனில் அழைத்தாள். "பேட் எப்பப்பா மாத்தினே?"

"நானா? சத்தம் நின்னதும் நீங்க மாத்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! நீங்க அழுத்தி மிதிக்கிறீங்க போலன்னு தோணுச்சு. சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு விட்டுட்டேன் அக்கா."

இரண்டு நல்லவர்கள் சேர்ந்து ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். பிறக்காத இன்னொன்றையும்.

"சேவியரு," என்றாள் உமா. "இனிமே சத்தம் கேட்டா சொல்லிரு. நான் வருத்தப்பட்டாப் படுறேன்."