பதினாறாம் வாய்ப்பாடும் நூற்றெட்டு வடையும்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். முதுகுப் பக்கம் நாடா வைத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

நாலு நாளாகத் தலைசுற்றல். படுக்கையில் புரண்டால் ஃபேன் நிற்கிறது, ரூம் சுற்றுகிறது. "எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

அந்த 'எதுக்கும்' இருக்கிறதே... உங்களுக்குத்தான் தெரியுமே, நாலு தும்மல் சேர்ந்தாற்போல் வந்தால் உயில் எழுத உட்காருகிற ஆசாமி நான். ஆட்டோவிலேயே இன்டர்நெட்டைக் கேட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு இரங்கல் கூட்டமே முடிந்துவிட்டது.

ஸ்கேன் சென்டருக்கு மனைவி வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் எண்பத்து மூன்று வயது அப்பாவும் வந்திருந்தார். மனைவி மயிலாப்பூர்க்காரி. தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துதான் நடக்கவே கற்றுக்கொண்டவள்.

"நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு நூத்தெட்டு வடையில மாலை சாத்தறேன்னு வேண்டிண்டிருக்கேன். நீங்க தைரியமா உள்ள போங்கோ" என்றாள்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டெக்னீஷியன் தம்பி ஒரு ட்ரேயை நீட்டினார். "மோதிரம், செயின், தாயத்து... எல்லாத்தையும் கயட்டி இதுல போடுங்க சார்."

பக்கத்தில் எனக்கு முன்னால் போனவரின் ட்ரே. செப்புக் காப்பு, வெள்ளித் தாயத்து, வேல் வைத்த டாலர் – ஒரு சின்ன சன்னதியே இருந்தது. என் ட்ரேயில் ஒரு வாட்ச்.

"இன்னா சார், கைல ஒரு கயிறுகூட இல்ல?"

"நமக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்லப்பா."

"அது சரி... அப்போ உள்ள போய் யாரக் கூப்புடுவீங்க?"

நியாயமான கேள்வி. ஐம்பத்திரண்டு வருஷமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி!

"இருபது நிமிஷம் ஆடாம படுத்துக்கினு இருக்கணும். ஆடுனா படம் கலங்கிடும், திரும்ப மொதல்லேர்ந்துதான். ரொம்ப பயமா இருந்தா இத்த அமுக்குங்க" என்று ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்.

அமுக்கினேன்.

"சார், இன்னும் உள்ளயே போகல!"

போனேன். மூக்குக்கு மேலே நாலு விரல் இடைவெளியில் கூரை. பிறகு சத்தம். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டினார்களே, அதே சத்தம் – இந்த முறை என் மண்டைக்குள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கால் கட்டைவிரல் ஆடப் பார்க்கிறது.

யாரையாவது கூப்பிடலாமா? மனைவியின் ஆஞ்சநேயரை முயன்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக் கதவை அவசரத்துக்குத் தட்டி, "சௌக்கியமா?" என்று கேட்கிற மாதிரி.

எங்கள் தி.நகர் வீடு அப்படிப்பட்டது. மற்ற வீடுகளில் சாமி படம் இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் காலண்டர் இருந்தது. அதுவும் பேங்க் காலண்டர். கிரகணத்தன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது, அப்பா எங்களை வாசலில் உட்காரவைத்து மிளகாய்ப்பொடி தடவிய தோசை கொடுப்பார். பகுத்தறிவு காரமாகத்தான் இருந்தது.

கரண்ட் போனால் எனக்குப் பின்கட்டுக்குப் போக பயம். பக்கத்து வீட்டுப் பையன்கள் "முருகா, முருகா" என்று ஓடிவிடுவார்கள். எனக்கு? "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போடா" என்பார் அப்பா. "கணக்குப் போடுற மூளைக்கு பயப்பட நேரம் இருக்காது. ஆனா தப்பில்லாம சொல்லணும்."

ஆகவே, அன்பர்களே, அந்தக் குழாய்க்குள் நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன். ஒரு பதினாறு பதினாறு. இரு பதினாறு முப்பத்திரண்டு...

ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டில் மூச்சு சீரானது. பத்து பதினாறில் கட்டைவிரல் அடங்கியது. பதிமூன்று பதினாறு – இருநூற்றுப் பதினெட்டு.

ஐயோ! இருநூற்றெட்டு அல்லவா?

குப்பென்று வியர்த்தது. போச்சு, அபசகுனம். ரிப்போர்ட் நிச்சயம் மோசமாகத்தான் வரும்! தெய்வக் குற்றம் செய்தவனைப் போல மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு – யாரிடம் கேட்டேன் என்று கேட்காதீர்கள் – ஒரு பதினாறிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நாத்திகத்தை நானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக எத்தனை மேடையில் அளந்திருக்கிறேன்! நானா தேர்ந்தெடுத்தேன்? என் மனைவியே நாலு தெரு தள்ளி சாந்தோமில் பிறந்திருந்தால் "மாதாவே" என்றிருப்பாள். இருட்டில் முதல் தடவை பயந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்களோ, அவர்கள் வாயில் வந்ததுதான் கடைசிவரை நம் வாயிலும் வருகிறது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் படத்தைப் பார்த்தார். மூளையில் ஒன்றுமில்லை. (என் மனைவி சிரித்ததை நான் கவனித்தேன்.) காதுக்குள் ஏதோ இடம் மாறியிருக்கிறதாம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால் சரியாகிவிடுமாம்.

"ஆஞ்சநேயா!" என்றாள் மனைவி. வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தாள். "ஏன்னா, ஒண்ணு தெரியுமோ? நீங்க உள்ள போனதுலேர்ந்து உங்கப்பா கண்ண மூடிண்டு ஏதோ முணுமுணுத்துண்டே இருந்தார். கடைசிக் காலத்துல மனசு மாறிட்டாரோன்னு நினைச்சேன்."

அப்பாவிடமே கேட்டேன். "என்னப்பா சொல்லிட்டிருந்தே? பதினாறாம் வாய்ப்பாடா?"

"பத்தொம்பது."

"ஏன், பதினாறு போதாதா?"

"பதினாறு எனக்குத் தூக்கத்துலயே வரும்டா. இன்னிக்கி பயத்துக்கு அது பத்தல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு தடவ தப்பு வந்துச்சு. மறுபடி மொதல்லேர்ந்து சொன்னேன்."

சனிக்கிழமை மூவரும் நங்கநல்லூர் போகிறோம். அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: நூற்றெட்டு பதினாறால் வகுபடாது, வடையை நூற்றுப்பன்னிரண்டாக்க வேண்டும்.