ஐடிலிங் நிற்காத வண்டி

போன வாரம் பாலக்கரையில் ஒருவர் என்னை மறித்து, “அண்ணே, கொஞ்சம் தள்ளி வுடுங்களேன். கார்புரேட்டர் கிளீன் பண்ணதுலேர்ந்து ஆக்சிலேட்டர வுட்டா நின்னுபோவுது” என்றார். பழைய நூறு சிசி வண்டி. இந்த வயசில் நமக்கெதற்கு இந்த வேலை என்று மனசு சொன்னாலும் கை போய்விட்டது. இருபது தப்படிதான். வண்டி பிடித்துக்கொண்டு பறந்துவிட்டது. நான் நடுரோட்டில் இடுப்பில் கைவைத்து, பெட்ரோல் நெடியில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கொளஞ்சி அண்ணன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

விருத்தாசலத்தில் கொளஞ்சி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்வது கிளேசு அடித்த கொளஞ்சியை. இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது. ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். அவர் பொம்மைகளுக்கும் ஃபியூஸ் கட்டைகளுக்கும் பளபளப்பு வருவதற்கான கிளேசை ஸ்பிரே கன்னால் அடிப்பவர். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் பார்த்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும்.

வேலை முடிந்ததும் எங்களுக்கு ஒரு வழக்கம். கம்ப்ரசர் ஓஸைப் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்வோம். தலை, சட்டைக்குள், காதுக்குள். தூசு பறக்கும், கூச்சத்தில் நெளிவோம், ஒரே சிரிப்பு. வெள்ளையாக வீட்டுக்குப் போனால் பொம்பளைகள் திட்டுவார்களே. அதுதான் எங்களுக்குக் குளியல்.

அந்த ஓஸுக்குத்தான் வருகிறேன். பெண்ணாடத்தில் ஒரு கரும்புக்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியிருந்தேன். மைலேஜ் தரவில்லை. எனக்கு அப்போது தெரியாத வேலையே கிடையாது என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஷெட்டில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, அதே ஓஸால் ஊதி மாட்டினேன். மெக்கானிக் கடையில் இருப்பதைவிட நம்ம கம்ப்ரசர் பெரிசு என்ற திமிர் வேறு.

திங்கட்கிழமை ரயில்வே கேட்டில் ஆக்சிலேட்டரை விட்டேன், வண்டி செத்தது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகினேன். அணையாமல் நின்றது, ஆனால் அலறியது, கியர் போட்டால் குதித்தது. ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று வைத்துப் பார்த்தேன். பிளக்கை மாற்றினேன். சோக்கை இழுத்தால் மட்டும் அணையாமல் நின்றது. அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குச் சோக்கிலேயே ஓட்டி, பிளக்கை நனைத்து, கிக்கருக்கும் மசியாமல் செய்துவைத்தேன். இடையில் மூன்று தடவை கார்புரேட்டரைப் பிரித்தேன். மூன்று தடவையும் அதே ஓஸால் ஊதினேன்.

தள்ளியவர் கொளஞ்சி அண்ணன். என் தெருதான், தினமும் என் பின்னால் உட்கார்ந்து வருவார். “எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி, தள்ளத்தான் தெரியும்” என்று இறங்கிவிடுவார். பத்து தப்படிக்குள் மூச்சு வாங்கும். நான் சும்மா இருப்பேனா?

“என்னண்ணே, கல்யாண வூட்டுல ரெண்டு பந்தி உக்காரத் தெரியுது, வண்டிய தள்ள முடியலியா?”

சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்துச் சொல்வார். “வயசாவுது இல்ல?” அவருக்கு நாற்பதைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

கடைசியில் மானத்தை விட்டு ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக் பாயிடம் போனோம். பாய் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற ஊசித்துளை ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தார்.

“வெளிச்சமே தெரியலியே. எங்க காத்து புடிச்சீங்க?”

“எங்க கம்பெனியிலதான் பாய்.”

ஒயரிலிருந்து ஒற்றைக் கம்பியை உருவி ஓட்டையில் விட்டுக் குடைந்தார். அவர் நகத்தில் வெள்ளையாக ஒரு துளி உதிர்ந்தது. கொளஞ்சி அண்ணன் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். “அட, இது நம்ம கிளேசு! ஓஸு காத்தோட வந்திருக்கு!” என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

“இது எத்தினி நாளா?” என்றார் பாய்.

“அது கெடக்குது பாய். வண்டி மாதிரிதான், முறுக்கிக்கிட்டே இருந்தா ஓடும்.”

வண்டி அன்றைக்கு அணையாமல் அப்படி நின்றது! கையை எடுத்துவிட்டு நின்று கேட்டேன். சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல ஓஸைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராக அடித்தேன். வெள்ளைத் துளியைக் கண்ணால் பார்த்த மறுநாள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் உள்ளூர் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டார், தேறவில்லை. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பாய் ஜெட்டைப் பிடித்த மாதிரியே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். அதுவரைக்கும் அதை யாருமே கேட்கவில்லை. நுரையீரலில் படிந்த தூளை எடுக்க வழியில்லை என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளிதான் பார்த்தார். கருமாதி அன்றைக்கு அவர் மனைவி அஞ்சலை அண்ணி என்னிடம் வந்து, “அந்த வண்டிய எத்தினி தடவ தம்பி பிரிச்சிப் பாத்தீங்க?” என்றார்.

“பாயோட சேத்து அஞ்சு தடவ அண்ணி.”

“இவர முத்திப்போற வரைக்கும் யாரும் பாக்கலியே” என்றுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பாய் கடை இல்லை. என் வண்டியை எடைக்குப் போட்டாயிற்று. இப்போது வைத்திருப்பதில் கார்புரேட்டரே கிடையாது. பட்டனை அழுத்தினால் பூனை மாதிரி நிற்கிறது.

பாலக்கரையில் என்னைத் தள்ளச் சொன்னவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று வையலாமென்று வாயெடுத்தேன். வரவில்லை. நான் மட்டும் என்ன? அந்த நாளில் வண்டி பிடித்ததும் தூரமாகப் போய், நின்றுவிடாமல் முறுக்கிக்கொண்டே கண்ணாடியில் பார்ப்பேன். கொளஞ்சி அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, நின்று நின்று நடந்து வருவார். சீக்கிரம் வாண்ணே, லேட்டாவுது என்று நான் ஹாரன் அடிப்பேன்.