மாணவர்களுக்கு அளவுச் சாப்பாடு

தஞ்சாவூரில் பி.எட். படித்த இரண்டு வருடமும் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியதே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூட. ஜெராக்ஸ் கடையிலும் புத்தகக் கடையிலும் அதைக் காட்டினால் விலை குறையும். மூக்குக் கண்ணாடி போட்டதுகூட அந்த அட்டையின் தயவில்தான். கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் எனக்கு அறை கிடைத்த பகுதியில் சலுகை இல்லாமல் காலம் தள்ள முடியாது. சுற்றிலும் தனியார் ஆஸ்பத்திரிகள், ஸ்கேன் சென்டர்கள். நோயாளியோடு வருகிறவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்பதால் டீயிலிருந்து வாடகை வரை எல்லாமே கூடுதல்.

தெருமுனை மெஸ்ஸில் மாணவர்களுக்கு மாதக் கார்டு கொடுத்தார்கள். பாதி விலை. ஆனால் அளவுச் சாப்பாடு. ஒரு கிண்ணம் சோற்றை இலையில் கவிழ்ப்பார்கள், மறுசோறு கிடையாது. பக்கத்து இலைக்கு வாளி வாளியாகச் சோறு போகும்போது நான் மோரைக் குடித்து எழுந்துவிடுவேன்.

சம்பா நடவு முடிந்ததும் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அம்மா என்னைப் பார்க்க வந்தாள். ஒரு மாதமாக அடுத்தவர் வயலில் நின்று காலெல்லாம் சேற்றுப்புண். அவளுக்கு முழுச் சாப்பாடு வாங்கினேன். என் இலையைப் பார்த்தவள், "என்னடி இது, கோழிக்கு வெச்ச மாதிரி?" என்று தன் சோற்றில் ஒரு கை அள்ளி என் இலையில் வைத்தாள்.

மெஸ் மேலாளர் வேகமாக வந்தார். "ஏம்மா, முழுச் சாப்பாட்டுலேருந்து ஸ்டூடண்ட் இலைக்குப் போடக் கூடாது."

"அது அவங்க காசு குடுத்து வாங்குன சோறு சார்," என்றேன்.

"சலுகையும் வேணும், வயிறும் ரொம்பணும்னா எப்படி?"

எழுந்து நின்று கத்தினேன். "நாள் முழுக்கச் சேத்துல நின்னு நெல்லு நடறவங்க சார் இவங்க. ஒரு கை சோத்துக்கு இவங்ககிட்டயே சட்டம் பேசுறீங்களா?" என் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

அம்மா எச்சில் கையோடு எழுந்து அந்த ஆளைக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்குங்க சார். படிக்கிற புள்ள, தெரியாம பேசிடுச்சு."

அவர் சொன்னதைவிட அதுதான் என்னைச் சுட்டது. தெருவுக்கு வந்ததும் அவளிடம் பாய்ந்தேன். "நீ எதுக்கு மன்னிப்புக் கேட்ட? என்ன தப்பு பண்ணுன?"

"நான் பஸ் ஏறிப் போயிடுவேன். நாளைக்கு நீ இங்கதானே வந்து சாப்பிடணும்?"

அவள் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது. பஸ் கிளம்பும் வரை அவளைவிட்டு நாலடி தள்ளியே நின்றேன்.

மறுநாள் பசித்தது. போனேன். மேலாளர் என் கார்டில் கோடு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு அம்மா வரலையா?" என்று சிரித்தார். குனிந்து சாப்பிட்டேன். கார்டு தீரும் வரை தினமும் போனேன். அதன் பிறகு பழைய இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அறையிலேயே பொங்கினேன்.

இப்போது நான் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அம்மா இந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், மகளின் வாய்த்துடுக்குக்கு உதாரணமாக. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.