ஓட்டையில்லாத இருபது ஜாடிகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், கொய்யாக் கன்றுகளோடு நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்கும்.

அப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கொய்யாவின் மரபணுக் குடும்பங்கள் வறட்சியின்போது என்ன செய்கின்றன என்பது என் தலைப்பு. அம்மா அதைப் பக்கத்து வீட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "கொய்யாச் செடிக்குத் தண்ணி ஊத்தாம வுட்டா என்னா ஆவும்னு படிக்குது."

"காஞ்சி போவும். இதுக்கா ரெண்டு வருசம்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

விஷயம் அவ்வளவு லேசில்லை. மரபணுக்களும் பங்காளிகள் மாதிரிதான். ஒரே வம்சத்தில் பிறந்து, பிரிந்து, ஆளுக்கொரு வேலை பார்க்கும். ஒருத்தன் வெயிலுக்கு எழுந்திருப்பான், ஒருத்தன் குளிருக்கு, இன்னொருத்தன் எதற்கும் அசைய மாட்டான். தண்ணீர் வற்றினால் கொய்யா வீட்டில் யார் முதலில் எழுந்து ஓடுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பத்துக் கன்றுகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, இன்னொரு பத்தைக் காயவிட்டு, இரண்டின் இலைகளையும் ஒப்பிட வேண்டும்.

பல்கலைக்கழகத்து வலைக்கூண்டில் முதலில் வைத்த கன்றுகளை ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது. என் கைடு தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "உங்க ஊர் விருத்தாசலம்தானே? கத்திரி வெயில் வேற வருது. வீட்டிலேயே வளர்த்துட்டு வாம்மா" என்றார். அவர் நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

அண்ணன் பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தார். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி ஊறுகாய் ஜாடி எடுக்கும் வேலை. தொட்டி வாங்கப் போகிறேன் என்றதும் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஏம் பாப்பா, நான் ஒருத்தன் இந்த வூட்டுல இருக்கிறது தெரியலியா? இந்த ஊர்ல பொறந்துட்டு நீ தொட்டிக்குக் கடைக்குப் போவியா?"

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அகல வாயோடு இருபது பெரிய ஜாடிகள் எடுத்தார். என்ன உயரம், என்ன அகலம், எத்தனை தடிப்பு, எல்லாம் நான்தான் சொன்னேன். தண்ணீர் ஊற்றும் பத்துக்கு நீலப் பட்டை, காயப்போகும் பத்துக்குச் சிவப்புப் பட்டை. உள்ளும் புறமும் பளபளவென்று மெருகு. மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு நடுவில் அவை வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

எங்கள் ஊரில் ஜாடியைச் சும்மா வாங்க மாட்டோம். விரல் முட்டியால் தட்ட வேண்டும். ணங்கென்று சத்தம் வந்தால் நல்லது, டொக்கென்றால் விரிசல். அப்புறம் தண்ணீரை ஊற்றிப் பழைய பேப்பர்மேல் வைத்துவிட வேண்டும். பேப்பர் நனையக் கூடாது. நான் இருபதையும் தட்டினேன், இருபதிலும் ஊற்றினேன். ஒரு பேப்பர்கூட நனையவில்லை.

"எப்படி?" என்று மீசையைத் தடவினார் அண்ணன்.

"பிரமாதம்ணே!" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. தண்ணீரைக் கொட்டிவிட்டு மண்ணைப் போட்டு, அன்றைக்கே கன்றுகளை நட்டேன்.

பயிர் பிறந்த வீட்டில் பிறந்தவளாக இருந்தால் அங்கேயே சுதாரித்துக்கொண்டிருப்பேன். நான் பிறந்தது ஜாடி பிறந்த வீடு.

கன்றுகள் வேர் பிடிக்கிற வரை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தேன். கத்திரி தொடங்கியதும் சோதனையை ஆரம்பித்தேன். சிவப்புப் பட்டை வரிசைக்குத் தண்ணீர் நின்றது. நீல வரிசைக்குத் தினமும் காலையில் செம்பு செம்பாக ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு வரிசை இலைகள் சுருண்டன. சரி. நீல வரிசையிலும் இலைகள் பழுக்க ஆரம்பித்தன. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது, ஐயோ பாவம் என்று சாயங்காலமும் இரண்டு செம்பு சேர்த்து ஊற்றினேன். ஆமாம், நானே என் கையால்!

இலை பறிக்கிற நாளில், பறித்ததைக் குப்பிகளில் உடனே உறைய வைக்கத் திரவ நைட்ரஜனை ஒரு கனமான குடுவையில் பஸ்ஸில் கொண்டுவந்தேன். மூடி வழியாக வெள்ளையாகப் புகை வந்துகொண்டே இருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வரவே பயந்தார். "என்னாம்மா இது, வெடிச்சிடப் போவுது!" என்று எட்ட நின்றே டிக்கெட்டை நீட்டினார். என் பக்கத்து சீட் கடைசி வரை காலி. ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து ராணி மாதிரி ஊர் வந்து சேர்ந்தேன்.

உறைந்த இலைகளை வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பி, இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே ஃபிலிம் வந்தது. நாங்கள் தேடும் குடும்பத்து மரபணு விழித்திருந்தால் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். தூங்கினால் வெறுமை. காய்ந்த செடியில் கோடு, தண்ணீர் குடித்த செடியில் வெறுமை. அதுதான் எங்கள் எதிர்பார்ப்பு. வந்ததோ இரண்டு பக்கமும் கோடு. தண்ணீர் குடித்த பக்கத்தில் இன்னும் கறுப்பாக, துளி கீழே தள்ளி.

கைடு ஃபிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனியா இல்லையா?"

"ஊத்தினேன் சார். ரெண்டு வேளை."

"அப்ப குப்பியை மாத்திட்ட. ரெண்டையும் கலந்துட்ட."

"இல்லவே இல்ல சார்!"

என் குரல் உயர்ந்ததில் அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அவர் நிதானமாகச் சொன்னார். அடுத்த வாரம் ஆராய்ச்சிக் குழு கூடுகிறது, காரணத்தோடு வந்தால் தொடரலாம். இல்லையென்றால் இந்த வேலையை இன்னொரு மாணவரிடம் கொடுத்துவிடுவார். "பொய் சொல்றவங்களோட என்னால வேலை செய்ய முடியாதும்மா."

வீடு வரும் வரை பஸ்ஸில் அழுதேன். இரண்டு வருஷம் போனதுகூட அப்புறம்தான். என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டாரே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கொல்லைக்குப் போனேன். நான் இல்லாத நாளிலும் அம்மா தண்ணீர் ஊற்றிவந்த நீலப் பட்டை ஜாடிகள் வரிசையாக நின்றன. ஆத்திரத்தில் முதல் ஜாடியைக் காலால் நெட்டித் தள்ளினேன். உருண்டது. உள்ளேயிருந்து கறுப்பாகச் சேறு வழிந்தது. குப்பென்று நாற்றம். வேர் அழுகிக் கூழாகியிருந்தது.

அப்பொழுதுதான் வேலை முடிந்து வந்த அண்ணன் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். "தண்ணி வெளிய போவ வழியில்லியே பாப்பா."

"ஓட்டை போட்டிருக்க வேணாமா? செடி வைக்கிற ஜாடின்னு தெரியாது உங்களுக்கு?" வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தொழிலில் அடியில் ஓட்டை விழுந்த ஜாடி உடைத்துக் கொட்டுகிற ஜாடி. யாராவது சொல்லாமல் அவர் கை அப்படி ஒன்றைச் செய்யாது. சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. போதாததற்கு, ஒழுகவில்லை என்று தட்டிப் பார்த்து மெச்சி வாங்கினவளும் நான்தான். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் கத்துவதை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு, ஒரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். கைடு அறையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"சார், தங்கச்சி ஓட்ட போடச் சொல்லிச்சிங்க. நான்தான் மறந்துட்டேன். அதும்மேல தப்பு இல்லீங்க. அது பொய் சொல்லாதுங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கைடு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி ஃபிலிமை எடுத்தார். முகம் மாறியது. அந்தக் கீழ்க்கோடு வேறொரு பங்காளி! காய்ந்தால் ஒருத்தன் எழுந்திருக்கிறான், வேர் மூழ்கினால் அவன் தம்பி எழுந்திருக்கிறான். குடும்பம் ஒன்று, ஆபத்து வேறு, ஓடுகிற ஆளும் வேறு. காயவிடுவது, அளவாக ஊற்றுவது, மூழ்கவிடுவது என்று மூன்று வரிசையாக மறுபடி செய்யச் சொன்னார். என் இடம் தப்பியது. அடுத்த தவணை ஜாடிகளில் மூழ்கவிடும் வரிசை போக மற்றதற்கெல்லாம் அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓட்டை போட்டார்.

நாலு வருஷம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். "வறட்சியைப் பத்தி ஆரம்பிச்ச நீங்க, வெள்ளத்துக்கு எப்படி வந்தீங்க?"

கைடு சிரித்துக்கொண்டே, "அவங்க அண்ணன் ஓட்டை போட மறந்த கதை சார் அது" என்றார். சபை சிரித்தது.

தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம்.

"இல்ல சார். அவர் மறக்கல. நான் சொல்லவே இல்ல. அன்னிக்கு எனக்காக அவர் பழியை ஏத்துக்கிட்டார். நான் வாயை மூடிட்டு நின்னேன்."

கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அது பயத்துல ஒளறுதுங்க சார்" என்றார் சத்தமாக. "சொல்லிச்சிங்க. நான்தான் மறந்துட்டேன்."