ஊதாத் துணி போர்த்திய டிவி

ஈஸ்டருக்கு ஊருக்கு வருவதற்கு முந்தின வாரம் எங்கண்ணன் வாட்சப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டான். எங்கிருந்தோ சுட்ட ஒரு பழைய டிவி கேம் பெட்டியின் படம். சிவப்பும் வெள்ளையுமாகப் பெட்டி, பக்கத்தில் வயர் சுற்றிய இரண்டு ரிமோட். அதற்கு மேலே இப்படி எழுதியிருந்தான்: 'அப்பா மடியில் உட்கார்ந்து விளையாடிய என் முதல் சூப்பர் ஹீரோ கேம். திரும்பி வருமா அந்த நாட்கள்?' கூடவே அழுகிற பொம்மை வரிசையாக.

மடியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தபோது அவன் எட்டாம் வகுப்பு. அவன் ஏறி உட்கார்ந்திருந்தால் அப்பாவின் தொடை என்னத்துக்கு ஆகியிருக்கும்? மடியை விடுங்கள், அப்பா அந்த விளையாட்டை ஒரு நிமிஷம்கூட விளையாடியதில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதா?

இவன் ஒருத்தன் மட்டும் இல்லை. நாற்பதைத் தொட்ட ஆம்பளைகள் எல்லாருக்கும் இப்போது இந்த வியாதி வந்திருக்கிறது. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் இண்டர்வெல் விட்டால் வாத்தியார்கள் கூடி இதைத்தான் பேசுகிறார்கள். "கேசட்டக் கழட்டி வாயால ஊதிட்டுச் சொருகுவோமே, ஞாபகம் இருக்கா சார்?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். மற்றவர்களுக்குக் கண் கலங்கிவிடும். கேசட்டில் ஊதினதுக்கு என்னய்யா கண்ணீர்? எங்கம்மா வருஷக்கணக்காக அடுப்பை ஊதினாள். அதுக்கு எவன் ஸ்டேட்டஸ் போட்டான்?

அந்த சூப்பர் ஹீரோவின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டின் மேலே ஒட்டியிருந்த படத்தில் அவன் மலை மாதிரி இருப்பான். மார்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், முதுகில் சிவப்புப் போர்வை பறக்கும். ஒரு கையால் ஒரு பஸ்ஸைத் தூக்கிப் பிடித்திருப்பான். உள்ளே போட்டுப் பார்த்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நாலு நீலக் கட்டம், அதற்கு மேலே ஒரு சிவப்புக் கட்டம், அவ்வளவுதான் ஆள். எங்கள் வயல் வாய்க்கால் அகலத்துக்கு ஒரு பள்ளம் வரும். ஆடு தாண்டும், நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டுவேன். பஸ்ஸைத் தூக்கினவன் அதற்குள் விழுந்து செத்துப்போவான். வானத்தில் ஒரு கழுகு வரும். அது வரும்போது குனிய வேண்டும், குனியாவிட்டால் அதுக்கும் செத்துப்போவான். இதுதான் உலகத்தைக் காப்பாற்ற வந்த மூஞ்சி.

பெட்டியை வாங்கி வந்தது அப்பாதான். அதை நான் மறுக்கவில்லை. அப்பா அப்போது குவைத்தில் ஏசி வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஊரிலிருந்து குவைத்துக்குப் போன எல்லா ஆம்பளைகளும் கிறிஸ்துமஸுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரப் பார்ப்பார்கள். கம்பெனிக்காரன் நம்ம ஊர்த் திருநாளைப் பார்த்தா லீவு கொடுப்பான்? அந்தத் தடவை அப்பாவுக்குக் கிடைத்தது தவக்காலத்தில். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்து வந்து இறங்கினார். ஈஸ்டருக்கு முன்னாலேயே திரும்பிப் போக டிக்கெட்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம் தவக்காலம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. கறி மீன் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தியும் கோயிலில் சிலுவைப் பாதையும். வீட்டுக்கு வீடு இன்னும் ஏதாவது ஒன்றைச் சேர்த்து விடுவார்கள். எங்கம்மா விட்டது டிவி. அப்பா கை கால் சுகத்தோடு வீடு வந்து சேர்ந்தால் அந்தத் தவக்காலம் முழுக்க வீட்டில் டிவி போடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு ஊதாச் சேலையைக் கிழித்து டிவியின் மேல் போர்த்தினாள். அப்பா வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து, சென்ட்டு, தைலம், டார்ச் லைட்டு, குடை எல்லாம் எடுத்துக் கொடுத்து, கடைசியாக இதை எடுத்து நடுவில் வைத்தார். முகம் பூராவும் சிரிப்பு. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் டிவியைத் திரும்பிப் பார்த்தோம். ஊதாத் துணி.

"ஏங்க, இத எதுல மாட்டணும்?" என்று கேட்டாள் அம்மா.

"டிவிலதான்."

"அப்ப ஈஸ்டர் அன்னைக்கு மாட்டிக்கலாம்."

"ஈஸ்டர் அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்ல?"

"ஒங்களுக்காகத்தாங்க நேர்ந்துக்கிட்டேன்" என்றாள் அம்மா. இதற்கு மேல் எந்தப் புருஷன் என்ன பேசுவான்?

அண்ணன் வக்கீல் மாதிரி வாதாடினான். "டிவி பாக்கக் கூடாதுன்னுதானேம்மா நேர்ந்த? இது பாக்குறது இல்ல, வெளையாடுறது" என்றான். அம்மா கரண்டியைக் காட்டினாள். அவ்வளவுதான், வக்கீல் வெளியே போய்விட்டான். இன்றைக்கு மடியைப் பற்றி எழுதுகிற வாய் அது.

பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அதை இறக்குவார், துடைப்பார், இரண்டு ரிமோட்டையும் எங்கள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார், திரும்ப ஏற்றி வைப்பார். கடையில் அந்த ஆள் போட்டுக் காட்டினானாம். கழுகு வருமாம், பள்ளம் வருமாம், ஒங்க ரெண்டு பேரோடயும் ஒரு ஆட்டமாச்சும் ஆடிட்டுப் போயிரணும் என்பார். வேறு எதற்கும் அந்த மனுஷன் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. லீவு கரைந்துகொண்டே போனது.

போகப்போகிற வாரத்தில் அப்பா யாரிடமும் சொல்லாமல் எங்கள் பங்குக் கோயில் சாமியாரைப் பார்க்கப் போனார். போய்விட்டு வந்தவர் வாசலிலிருந்தே கத்தினார். "ஞாயித்துக்கெழம தவக்காலத்துக் கணக்குல சேராதாம்! சாமியாரே சொல்லிட்டாரு!"

அம்மா நம்பவில்லை. தானே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஆமாம், ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அது அந்த நாற்பதில் வராது என்றுதான் சாமியார் சொல்லியிருக்கிறார். "சாமியாரே சொன்னா நான் என்ன சொல்ல? குருத்து ஞாயித்துக்குப் பூசை முடிஞ்சு வந்து போடுங்க. பொழுது சாயிற வரைக்கும்தான்" என்றாள். குருத்து ஞாயிறு ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு; அதற்கு மறுநாள் அப்பாவுக்குத் திருச்சியில் விமானம்.

குருத்து ஞாயிறன்று பவனி, பூசை எல்லாம் முடிந்து குருத்தோலையும் கையுமாக ஓடி வந்தோம். அம்மா ஊதாத் துணியை மடித்து வைத்தாள். அண்ணன் வயரை மாட்டினான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். ஒரு ரிமோட் அவர் கையில், இன்னொன்று எங்கள் இரண்டு பேருக்கும். அண்ணன் சுவிட்சைப் போட்டான்.

கரண்டு இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்களுக்குப் பூசாரி விட்டுவிட்டார், கரண்டு விடவில்லை. வந்துரும் வந்துரும் என்று உட்கார்ந்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, குளத்துக்கரைப் பக்கம் கம்பி அறுந்து கிடக்கிறதாம், லைன்மேன் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். இந்த இடத்தில் எங்கே போனான் அந்தப் பஸ்ஸைத் தூக்குகிறவன்? ஒரு கம்பியைத் தூக்கிக் கட்ட அவனுக்குத் துப்பில்லை.

மத்தியானம் ஆனது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். "டேய், இங்கிட்டு வா" என்றார் அப்பா. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். செத்த டிவி, கன்னங்கரேலென்று இருந்தது. அதில் நாங்கள் மூன்று பேரும் மங்கலாகத் தெரிந்தோம். "அந்தா போறான் பாரு, நம்ம ஆளு" என்று பட்டனை அமுக்கினார். "பள்ளம் வருது, பள்ளம் வருது, தாண்டு!" எம்பிக் குதித்தார். நாங்களும் குதித்தோம். "கழுகு வருது, குனி!" மூன்று பேரும் குனிந்தோம். வெறுங்கையில் முழம் போடுவது என்பார்களே, அதைத்தான் அன்றைக்கு எங்கப்பா பொழுது சாய்கிற வரை போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கிறுக்குப் பய குடும்பம்" என்றாள்.

சாயங்கால மணி அடித்தது. அம்மா ஊதாத் துணியை எடுத்துவந்து டிவியை மூடினாள். மூடிவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பக்கூட இல்லை, பட்டென்று லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. அம்மாவின் கை துணி வரைக்கும் போனது, அங்கேயே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "மணி அடிச்சிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் போய்விட்டார்.

ஈஸ்டர் அன்று துணியை எடுத்தோம். அண்ணனும் நானும் அடித்துக்கொண்டு விளையாடினோம். நீலக் கட்டத்தானின் யோக்கியதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதுக்காகவா அந்த மனுஷன் சாமியார் வரைக்கும் போனார் என்று ஆத்திரமாக வந்தது. அடுத்த லீவுக்கு அப்பா வருவதற்குள் அண்ணன் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கிறேன் பேர்வழி என்று அதைக் கொன்று போட்டிருந்தான். அவ்வளவுதான் கதை. எங்கே வந்தது மடி?

இந்த ஈஸ்டருக்கு அண்ணன் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் புது கேம் பெட்டியும் கொண்டுவந்து இறக்கினான். 'அந்த நாட்களை' மீட்கப் போகிறானாம். பிரியாணி சாப்பிட்ட கையோடு மாட்டினான். சும்மா சொல்லக் கூடாது, இந்த சூப்பர் ஹீரோவுக்கு மூக்கு முழி எல்லாம் இருந்தது. வேர்வை கூட வந்தது. அண்ணன் ரிமோட்டை அப்பா கையில் திணித்து, "ஆடுங்கப்பா, அப்ப மாதிரியே ஆடுங்க" என்றான். போனை எடுத்து வீடியோவும் பிடிக்க ஆரம்பித்தான்.

அப்பா குவைத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. ஏசி பைப்பை வளைத்து வளைத்து அவர் விரல்கள் இப்போது முழுசாக மடங்காது. அந்த ரிமோட்டில் எத்தனை பட்டன்! எதை அமுக்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினார். ஹீரோ சுவரில் போய் முட்டினான். திரும்பத் திரும்ப அதே சுவரில் முட்டினான்.

"அதில்லப்பா. அதில்லங்கிறேன்ல. குடுங்க, நான் காட்டுறேன்." அண்ணன் வீடியோவை நிறுத்திவிட்டு ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். அப்புறம் அவனே ஆடினான். ஆடிக்கொண்டே இருந்தான். அப்பா வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கு நல்லா வந்துச்சு" என்றார்.

"என்னைக்குப்பா?" அண்ணன் திரும்பவே இல்லை.

"கரண்டு இல்லாத அன்னைக்கு."

அண்ணனுக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. நான் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தேன்.

"ஏய், என்னடி பண்ற? கூறுகெட்டவளே!" என்று கத்தினான் அண்ணன். அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அப்பா கையில் வைத்தேன். அவ்வளவு பெரிய டிவி சுவர் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அதில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம், வயசாகிப்போய்.

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடங்காத விரல்களை ரிமோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"கழுகு வருது, குனிடா" என்றார்.

அண்ணன் தொந்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.