வராதவர்களுக்கும் ஒரு பொட்டலம்

அன்றைக்குத் திருவிழாவுக்கு, மலேசியாவில் சிரம்பானை அடுத்த லாபு பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ராசா ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறைய, தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்தில் எங்களோடு இருந்த சனம் வந்திருந்தது. லோபாக்கில் கடை வைத்திருக்கும் கோயில் தலைவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அத்தை மகன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், முதல் நாள் சாயங்காலமே தன் லாரியில் அண்டாக்களோடு வந்து இறங்கியிருந்தார். வராதவர்கள் என்று பார்த்தால், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், லீவு கிடைக்காத மருமகள்கள், முட்டிவலிக்காரர்கள், கோவித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு சித்தப்பா. இவர்களை ஏன் இவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால், அன்றைய அன்னதானத்தில் பெரும்பங்கு சாப்பிட்டது இவர்கள்தான்.

எங்கள் குடும்பத்தில், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது மக்கள்தொகையும் உணவும். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் ஆகிவிட்டோம், இன்னும் கூடிக்கொண்டே போகிறோம், நிலம் அதற்கேற்ப நீளப் போவதில்லை, மழையும் முன்போல் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. இத்தனை வாய்க்கும் சோறு இருக்குமா என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. இதை ஒருநாள் வீட்டில் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டியே முதுகு வளைந்தவர் அவர். நம் நாட்டில் விளையும் அரிசி நமக்குப் போதாமல் மீதி கப்பலில் வருகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தி இம்புட்டுச் செம்பனை நிக்குது, சோத்துக்குக் கப்பல பாக்கணுமா?" என்று கேட்டார். என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் மச்சானின் லாரி வந்து நின்றது. கையில் நாலு டுரியான் பழம். அப்பா எழுந்து போய்விட்டார்.

மச்சான் எப்போதும் அப்படித்தான் வருவார். அவர் வந்தால் அம்மா மீனின் நடுத்துண்டை அவருக்கு எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கும், அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கிறது. எல்லாரையும் வேன் பிடித்து அழைத்து வந்தவர் என்ற உரிமையில் அந்தப் படத்தின் நடுவில் நிற்பவர் மச்சான். என் பட்டச்சுருள் இருப்பதும் அவர் கையில்தான். நான் ஓரத்தில், தொப்பி சற்றே சரிந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் எடுத்தவன் அந்த நேரத்தில்தானா அமுக்க வேண்டும்!

முந்தைய வருஷத் திருவிழாவில் சோறு மிஞ்சிக் குழி தோண்டிக் கொட்டியிருந்தார்கள். அதனால் அந்த வருஷம் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ படிச்ச பிள்ள, எத்தன பேருக்கு எவ்வளவு அரிசின்னு பாத்துச் சொல்லு" என்றார். பஸ்ஸில் வருகிறவர்கள், காரில் வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு அரைப்பங்கு என்று கூட்டிவிட்டு, லயத்தில் இருக்கும் நேப்பாளத் தொழிலாளர்களையும் சேர்த்தேன். தலைவர் தயங்கினார்.

"அவங்க நம்ம ஆளா தம்பி?"

"நம்ம இருந்த லயத்துல இப்ப அவங்கதான ஐயா குடியிருக்காங்க? போன வருஷம் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போனாங்க."

அப்பாதான், "சேத்துக்கங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கக்கூட விடவில்லை மச்சான். "உலகத்துக்கே கணக்குப் போட்ட மாப்ள, நேப்பாளத்த மட்டும் விட்டுருவானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தத் திருவிழாவில் சோறு கடைசி ஆள்வரைக்கும் சரியாக வந்துவிட்டால், அப்பா நாலு பேர் காதில் விழ என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். கோயிலில் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மாட்டார்கள். வர முடியாமல் போனவர்களுக்குத் தாளில் சோறு மடித்து எடுத்துப் போவார்கள். அப்படிக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அவர்களை மறந்துவிட்ட மாதிரி. இது தெரிந்துதான் பொட்டலத்துக்கும் கொஞ்சம் அரிசி கூட்டியிருந்தேன். ஆனால் அண்டா முன்னால் கரண்டியோடு நின்றது மச்சான்.

"இந்தாக்கா, மாமாவுக்கு. சின்னவன் வரலயா? அவனுக்கும் ஒன்னு. சிங்கப்பூரு மவன் எப்ப வர்றான்? வெள்ளிக்கிழமையா? ஐஸ்பெட்டியில வச்சுக் குடுக்கா!"

நான் பக்கத்தில் போய், "மச்சான், இன்னும் ஆளு வரணும்" என்றேன்.

"வரட்டும்லா மாப்ள. அம்மன் கோயில்ல சோறு தீந்துருமா?"

ஐந்து பொட்டலத்தை மார்போடு அணைத்திருந்த ஓர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் மச்சானுக்கு அள்ளிக் குடுக்குற கைடா. நீ என்ன, கடைக்காரனாட்டம் அளந்துக்கிட்டு?" என்றார். மச்சான் அவருக்கு ஆறாவதாக ஒன்றைக் கொடுத்தார்.

வெட்டு வேலை முடித்து, குளித்து, ஈரத்தலையைப் படிய வாரிக்கொண்டு நேப்பாளத்துக்காரர்கள் வந்து சேர்ந்தபோது அண்டாவில் கரண்டி உரசுகிற சத்தம்தான் கேட்டது. செருப்பை வரிசையாக விட்டுவிட்டு நின்றார்கள். நான் போய் அழைத்ததால் வந்தவர்கள். மச்சான் அண்டாவுக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இப்போது தெரியட்டும் எல்லாருக்கும் என்று நின்றேன்.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. "மாப்ள, மோட்டார எடு. தோட்டத்துக் கடையில பாக்கெட் மீ இருக்கும்ல, இருக்குறத எல்லாம் வாரிட்டு வந்துரு!" என்று கத்தினார் மச்சான். மோட்டார் சைக்கிளில் போனேன், நூடுல்ஸ் பாக்கெட்டுகளை என் பணத்தில் வாங்கினேன், கூடையில் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் கோழி படம் போட்ட மசாலாப் பொட்டலங்களைப் பிய்த்துத் தனியே எறிந்தார். "அம்மன் சைவம்லா!" மிச்சமிருந்த முட்டைக்கோஸ், பச்சை மிளகாய், சட்டி அடியிலிருந்த சாம்பார் எல்லாவற்றையும் அதே அண்டாவில் கொட்டிக் கிளறினார். கூட்டம் சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடித்தது. நேப்பாளத்துப் பையன்கள் தங்கள் மொழியில் அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எப்போதும் கடைசியில் சாப்பிடுகிற அப்பாவும் அவர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். நான் அருகில் குனிந்தேன்.

"உங்களுக்கும் இவங்களுக்கும் சேத்துத்தாம்ப்பா அரிசி போட்டேன்."

"தெரியும்யா. நீ போட்டது சரிதான். பொட்டலத்துல போயிருச்சு."

மீயை மென்றுகொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். பிறகு தலையைத் தூக்கி, கோயில் முழுக்கக் கேட்க, "ஏ மருமவனே! இன்னும் கொஞ்சம் போடு, பிரமாதமா இருக்கு!" என்றார்.

இப்போது சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். உணவுக் கையிருப்பு பற்றிய கூட்டங்களில் உட்காருகிறேன். இத்தனை கோடிப் பேருக்கும் வேண்டியது பெரும்பாலும் விளைகிறது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறாவது பொட்டலம்தான் கண்ணில் நிற்கிறது. அந்த அக்கா கெட்டவர் இல்லை. தன் பிள்ளையின் பசி அவருக்குத் தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கத்துப் பசி தெரியவில்லை. உலகத்தைப் பற்றி இவ்வளவு தூரம் பொறுமையாக யோசிக்கிற எனக்கு மச்சான் என்று வந்தால் அந்தப் பொறுமை கிடையாது. சோற்றைத் தீர்த்தவரும் அவர், பசியைத் தீர்த்தவரும் அவர் என்றால் நான் எதற்கு?

அடுத்த வருஷம், பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பொட்டலம் என்று ஒரு விதி வைக்கச் சொன்னேன். நான் சொன்னபோது முகம் சுளித்தவர்கள், மச்சான் அதையே மைக்கில் சொன்னதும் கை தட்டினார்கள். லயத்துக்காரர்கள் உட்பட எல்லாருக்கும் சோறு வந்தது. அந்த விதிக்கு இன்றுவரை மச்சான் சட்டம் என்றுதான் பெயர். அதே மைக்கில் தலைவர் முந்தைய வருஷச் செலவை வாசித்தார். பாக்கெட் மீ, உபயம் நம்ம லாரிக்கார மச்சான் என்றார். மச்சான் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பாவும் கை தட்டினார். என் பணம், நூற்று முப்பத்தெட்டு வெள்ளி.